401: கதவைத் தட்டியது யார்?

குடியிருப்போர் சங்கம் ஒன்றின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் எழுதியிருக்கிறார். உறுப்பினர் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார்களாம். அப்பாச்சி சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தால் வரிக்கு வரி 401, அதாவது ‘அனுமதி இல்லை’. ‘இத்தனை பேரா சார் உள்ளே நுழையப் பார்க்கிறார்கள்?’

பதற வேண்டாம். அதில் உங்கள் உறுப்பினர்களே நிறைய இருப்பார்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு பிரவுசரே ஒரு சின்னப் பெட்டியை நீட்டுகிறதே, அந்த வகைப் பூட்டில் முதல் தடவை பிரவுசர் வெறுங்கையோடுதான் போகும். சர்வர் 401 என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் பெட்டியே திரையில் வரும். ஆகவே ஒழுங்காக நுழைகிறவர் கணக்கிலும் ஒரு 401 விழுந்துவிடுகிறது. வரியில் தேதிக்குச் சற்று முன்னால் பாருங்கள். அங்கே வெறும் கோடு இருந்தால் யாரும் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு பெயரும் இருந்து 401-உம் இருந்தால் அதுதான் தோற்றுப்போன முயற்சி.

பிழைகளுக்கென்று இருக்கும் தனி லாக் இன்னும் விவரமானது. ஏஎச்01618 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. ஏஎச்01617 என்றால் பயனர் உண்டு, கடவுச்சொல் தப்பு. நான் பின்னதைத்தான் முதலில் பார்ப்பேன். பாதி விடை தெரிந்த ஆள் அவர். வேர்ட்பிரஸ் தளமென்றால் கதையே வேறு. தப்பான கடவுச்சொல்லுக்கும் அது 200, அதாவது ‘சரி’ என்றுதான் எழுதும், சரியாக நுழைந்தால் 302. அங்கே 401-ஐத் தேடுகிறவர் ஊரே அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

எங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேன் நோட்டில் உள்ளே விடப்பட்டவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும்; திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. சர்வர் அவர்களையும் எழுதிவைக்கிறது, யாரும் சொல்லாமலே.

இதில் என்னை ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருக்கும் விசித்திரம் ஒன்று உண்டு. அவசரத்தில் நாம் கடவுச்சொல்லைப் பெயருக்கான கட்டத்திலேயே அடித்துவிடுகிறோம். சர்வருக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். ‘இப்படி ஒரு பயனர் இல்லை’ என்று அந்த ரகசியத்தை எழுத்துப் பிசகாமல் குறித்துவைக்கும். அடுத்த சில நொடிகளில் அதே ஐபி முகவரியிலிருந்து சரியான பெயரில் ஒருவர் நுழைவார். அடுத்தடுத்த இரண்டு வரிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும், ஒரு முழுக் கணக்கு கைக்கு வந்துவிடும். கடவுச்சொல்லை யாராலும் படிக்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்க எவ்வளவோ கணிதம் செலவழித்திருக்கிறார்கள். அதே கடவுச்சொல் பக்கத்து ஃபைலில் பச்சையாகக் கிடக்கும்.

லினக்ஸ் எழுதியவர்களுக்கு இது தெரியும். அறியாத பெயர்களை லாகில் காட்டலாமா என்று கேட்கும் அமைப்பு ஒன்று அதில் இருக்கிறது. பக்கத்திலேயே, யாராவது கடவுச்சொல்லைப் பெயராக அடித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தோற்ற முயற்சிகளைச் சேர்க்கும் பிடிஎம்பி கோப்பைச் சாதாரணப் பயனர் படிக்க முடியாது. பெரிய இடங்களும் சறுக்கியிருக்கின்றன, வேறு வழியில். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. உருமாற்றுவதற்கு முன்பே கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் பதிவாகிக்கொண்டிருந்தன.

இதெல்லாம் தெரிந்தும், ‘என்ன எரர்னு பாருங்க’ என்று முழு லாகையும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, திருடனைப் பிடிப்பது எப்படி? ஃபெயில்டூபேன் என்ற இலவச நிரல் லாகை ஓயாமல் படித்துக்கொண்டிருக்கும். மாற்றாமல் விட்டால், ஒரே முகவரியிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 தவறு வந்ததும் 10 நிமிடம் கதவடைக்கும். முரட்டு ஆட்களுக்கு இது போதும். பொறுமைசாலிகளுக்குப் போதாது. 2023 நவம்பர் இறுதியில் மைக்ரோசாஃப்டுக்குள் நுழைந்த ரஷ்யக் குழு, சில கணக்குகளை மட்டும், கணக்குக்குச் சில முயற்சிகள் மட்டும் என்று தட்டியது. அதுவும் பல வீட்டு இணைப்புகளின் முகவரிகள் வழியாக. கடைசியில் இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத பழைய சோதனைக் கணக்கு ஒன்று திறந்துகொண்டது. நிறுவனம் கண்டுபிடித்தபோது தேதி 2024 ஜனவரி 12.

மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ நிலைமை இன்னும் மோசம். வேறெங்கோ திருடிய கடவுச்சொற்களை 2023 ஏப்ரல் இறுதியிலிருந்து மாதக்கணக்கில் அங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 14,000 கணக்குகள் வழியாக 69 லட்சம் பேரின் விவரம் போனது. அக்டோபரில் அது வெளியே விற்பனைக்கு வந்த பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது.

நம் நாட்டில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்கிறது. வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது பிரித்துப் படிக்க ஆள் போட்டிருக்கிறார்களா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்று தப்புக்கே கணக்கைப் பூட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. உங்கள் பெயர் தெரிந்த எவரும் உங்களை வெளியே நிறுத்திவிடலாம். ஐபி முகவரியைத் தடுப்பதிலும் நிதானம் வேண்டும். மொபைல் இணைப்பில் ஒரே முகவரிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள்.

சங்கத்துக்காரருக்கு நான் சொல்லக்கூடிய யோசனை பழையதுதான். சில லினக்ஸ் கணினிகளில் உள்ளே நுழைந்ததும், கடைசியாக நீங்கள் வந்துபோன பின் இத்தனை முறை தவறான முயற்சி நடந்தது என்று ஒரு வரி வரும். தட்டியது நாமா, வேறு ஆளா என்று கணக்குக்குச் சொந்தக்காரருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். பிரவுசர் நீட்டும் பெட்டியில் இந்த வசதி கிடையாது. நீங்களே எழுதும் நுழைவுப் பக்கத்துக்கு மாறினால், அந்த வரியைச் சேர்க்க ஒரு நல்ல புரோகிராமருக்கு அரை நாள் வேலை.