எண்ணூர் போர்த் தண்ணி ஏன் கரிக்குது?

மீஞ்சூர், எண்ணூர் பக்கம் உங்க நண்பர் யாராவது இருந்தா, அவங்க வீட்டு போர்த் தண்ணியைக் கொஞ்சம் வாயில் ஊற்றிப் பாருங்க. பல வீடுகளில் கரிக்கும். "கடலோரம்னா அப்படித்தான்" என்பார்கள். எண்ணூருக்கு அது சரி. ஆனா மீஞ்சூர் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கு. ஒரு காலத்தில் அங்கிருந்து எடுத்த நல்ல தண்ணீர்தான் ஆலைகளுக்கும் சென்னைக்கும் போனது.

1960களின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளை ஆய்வு செய்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. விவசாய பம்புசெட்டுகளும் அதே மண்ணிலிருந்துதான் உறிஞ்சின. மழை நிரப்பியதைவிட நாம எடுத்தது அதிகம்.

அப்புறம் என்ன ஆச்சு? இங்கேதான் நம்ம பாடம் வருது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1 கிலோ, கடல்நீர் சுமார் 1.025 கிலோ. எடை குறைந்த நல்ல தண்ணீர், மண்ணுக்கடியில் கடல்நீர் மேல் மிதந்து நிற்கிறது. கிபென்-ஹெர்ஸ்பெர்க் விதிப்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தா, கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். 1-ஐ 0.025-ஆல் வகுத்துப் பாருங்க, அந்த 40 எங்கிருந்து வருதுன்னு தெரியும். அதே கணக்கில், மட்டம் அரை மீட்டர் இறங்கினா உப்புநீர் 20 மீட்டர் மேலே ஏறும். மோட்டார் போடுகிறவருக்கு அரை மீட்டர் ஒரு விஷயமே இல்லை. நூறு லிட்டரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். இந்தியத் தரப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் 500-க்குள் இருக்கணும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1987-லேயே சென்னைப் பெருநகருக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் லாரிகள் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீங்க. கொசஸ்தலையில் தாமரைப்பாக்கம், வள்ளூர் அணைக்கட்டுகள் இருக்கின்றன. தடுப்பணை என்றதும் தேக்கி வைக்கும் தொட்டி என்று நினைக்கிறோம். இந்தப் பக்கத்தில் அதன் பெரிய உபயோகம் வேற: ஆற்று நீரைச் சில வாரம் நிறுத்தி, மணல் வழியாகக் கீழே இறக்கி, அந்த ஒரு மீட்டரை மீட்பது. ஆற்று மணலை அள்ளிவிட்டா அந்த வேலையும் பாதி போச்சு.

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2010-ல் காட்டுப்பள்ளியில் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நகரத்தின் தாகத்துக்கு நல்லதுதான், ஆனா அது ஒரு சொட்டைக்கூட மண்ணுக்குள் திருப்பி அனுப்பாது.

எனக்கு உறுத்துவது அடுத்த திட்டம். 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்ட கொசஸ்தலைப் படுகை மழைநீர் வடிகால் திட்டம், திருவொற்றியூர், மணலி பகுதிகளை வெள்ளத்திலிருந்து காப்பதற்கானது. தேவையான வேலை, மறுக்கவில்லை. ஆனா வடிகாலின் வேலை தண்ணியைச் சீக்கிரம் கடலுக்குத் தள்ளுவது. நம்ம மண்ணுக்குத் தேவை அதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது. இரண்டையும் சேர்க்கத்தான் வடிகாலுக்குள் நீர் கசியும் குழிகளையும் அந்தத் திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழிகள் தூர்ந்துபோனா மிஞ்சுவது வெறும் கால்வாய்தான். அந்தக் கால்வாய் போய்ச் சேரும் எண்ணூர் முகத்துவாரமோ, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிக் கிடக்கு.

வடிகால் குழியை நாம தோண்டிப் பார்க்க முடியாது. வீட்டுக் குழியைப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி மூடியைத் திறந்து ஒரு வாளி தண்ணி ஊற்றுங்க. உடனே இறங்கலைன்னா மேல்மணலில் சேறு அடைத்திருக்கு; மேலாக வழித்து எடுத்துட்டுப் புது மணல் போட்டா போதும். மொட்டை மாடியிலிருந்து வரும் குழாய் உண்மையிலேயே அந்தக் குழிக்குத்தான் வருதா என்பதையும் பார்த்துடுங்க. எங்க தெருவில் ரெண்டு வீட்டில் அது நேரா சாக்கடைக்குப் போகுது.