உங்களுக்குத் தெரியுமா? ஃபிட்னஸ் பேண்ட் எண்ணுவதும் ஊகிப்பதும்

● பேண்டுக்குக் கால் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் கடுகளவு முடுக்கமானி, கை எந்தத் தாளத்தில் அசைகிறது என்று பார்த்து அதிலிருந்து அடிகளைக் கணக்கிடுகிறது. கை வீசி நடப்பவருக்குக் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். இடுப்பில் குடத்தை அணைத்து நடக்கும் பெண்ணுக்கும், சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி சுற்றுபவருக்கும், வாக்கர் ஊன்றி நடக்கும் பெரியவருக்கும் நிறைய அடிகள் விட்டுப்போகும். சப்பாத்தி மாவு பிசைந்தாலும், குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலும் நடக்காத அடிகள் சில சேரலாம். வாக்கர் பிடிப்பவர்கள் பேண்டைக் கணுக்காலில் கட்டிப் பார்க்கலாம். மெதுவாக நடப்பவர்களுக்கு அங்கேதான் கணக்கு நன்றாக வருகிறது.

● பேண்டின் அடியில் மினுங்கும் பச்சை விளக்குதான் நாடி பிடிக்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த நொடியே கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைத்துவிடும். 1930-களிலேயே அறியப்பட்ட முறை இது.

கறுத்த தோலில் இது சரியாக வேலை செய்யுமா என்பது நம்மவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நாடித்துடிப்பைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கை அசைவுதான் வில்லன். ஓய்வாக இருக்கும்போது வருவதைவிட, உடல் இயங்கும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல், ஆனால் தோலை அழுத்தாமல் கட்டினால் பாதித் தொல்லை தீரும். பச்சை குத்திய இடத்தில் கட்ட வேண்டாம். மை ஒளியை மறைத்துவிடும்.

● ஆக்சிஜன் அளவு விஷயத்தில் நிலைமை வேறு. கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டரைப் பற்றி 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடந்திருந்தது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால் மணிக்கட்டுப் பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்கும்போது திரையில் 97 என்று தெரிகிறதே என வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

● பேண்டு காட்டும் எண்களிலேயே மிகவும் பலவீனமானது கலோரி. அது கலோரியை அளப்பதே இல்லை. நீங்கள் பதிந்த வயது, எடை, உயரம் ஆகியவற்றோடு துடிப்பையும் அசைவையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. அதே கருவிகள் கலோரியில் கவிழ்ந்தன. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்.

இது வெறும் கணக்குப் பிழையாக நின்றுவிட்டால் பரவாயில்லை. "இன்றைக்கு 400 எரித்துவிட்டேன்" என்ற நம்பிக்கையில் சாயங்காலம் ஒரு தட்டு பஜ்ஜி கூடுதலாக உள்ளே போகிறது. இன்னொன்று, பல பேண்டுகள் நாள் முழுவதற்கும் காட்டும் தொகையில், சும்மா படுத்திருந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரியும் சேர்ந்தே இருக்கும். அதை நடைக்குக் கிடைத்த கூலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செயலியில் அந்தப் பகுதியை மறைக்க வழி இருந்தால் மறைத்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

● ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு சொல்லும் வாட்ச் என்று விளம்பரம் வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அப்படித் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்தில் நினைவிழக்கலாம், உயிரே போகலாம். கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை அளவி வேறு வகை. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் நிஜமாகவே இறங்கி அளக்கிறது. அது வாட்சுக்கு எண்ணை அனுப்பினால் அதை நம்பலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தப் போலி வாட்சுகளுக்கு நம் ஊரைவிடப் பெரிய சந்தை எங்கே கிடைக்கும்?

● ஆனாலும் பேண்டு நம்மை நடக்க வைக்கிறது. அடி எண்ணும் கருவிகள் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான அலசலில், கருவி அணிந்தவர்களின் உடலுழைப்பு சுமார் 27 சதவீதம் கூடியிருந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நாளுக்கு இத்தனை அடி என்று இலக்கு வைத்துக்கொண்டவர்களிடமே அந்த முன்னேற்றம் தெரிந்தது என்பது. 2022-இல் வந்த இன்னும் பெரிய தொகுப்பும் நாளுக்குச் சுமார் 1,800 அடிகள் கூடுவதாகச் சொன்னது. எடை? சராசரியாக ஒரு கிலோ குறைந்தது, அவ்வளவுதான்.

● எடை குறைக்க மட்டும் வாங்குபவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இளைஞர்கள் 471 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு; ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கையில் அணியும் கருவியும் தரப்பட்டது. கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ.

● 10,000 அடி என்ற இலக்கு பரவியது ஒரு விற்பனைப் பெயரிலிருந்து. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் அந்த எண்ணையே பெயராக வைத்து ஓர் அடிமானியை விற்றது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் எழுதியதோ வேறு. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 அடியோடு அந்தப் பலன் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. பத்தாயிரம் எட்டவில்லையே என்று மனம் நோகும் பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள்.

● பேண்டால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஈசிஜி எடுக்கும் விலை உயர்ந்த வாட்சாலும் முடியாது. அதில் கிடைப்பது ஒரே கோணத்து ஈசிஜி. மருத்துவமனையில் எடுப்பது பன்னிரண்டு கோணங்களில். ஒழுங்கற்ற துடிப்பை அது கவனிக்கும் என்பது உண்மை. ஆப்பிள் வாட்ச் அணிந்த சுமார் 4.19 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வில் 2,161 பேருக்கு எச்சரிக்கை வந்தது. அவர்களில் ஈசிஜி பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு இருந்தது. வந்து வந்து போகும் கோளாறு இது. அதனால் மீதிப் பேருக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்றும் சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்தால் டாக்டரைப் பாருங்கள்; நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

● பல பேண்டுகள் பயன்படுத்தும், 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்பது 1970-களின் தொடக்கத்தில் வந்த தோராயக் கணக்கு. 2001-இல் வந்த திருத்தப்பட்ட சூத்திரப்படி, 60 வயதுக்காரருக்கு அது 160 அல்ல, 166. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது. அந்த மாத்திரைகள் துடிப்பை அடக்கியே வைத்திருக்கும்.

● உறக்கத்தின் நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளை அலைகளை அளக்க வேண்டும். பேண்டோ அசைவையும் துடிப்பையும் வைத்துத்தான் சொல்கிறது. அதனால் அசையாமல் விழித்துக் கிடந்தாலும் தூக்கம் என்று எழுதிவிடும். பேண்டு தரும் தூக்க மதிப்பெண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கம் கெடுபவர்களின் நிலைக்கு ஆர்த்தோசோம்னியா என்று 2017-இல் மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள்.

● தோல் சிவந்து தடித்ததாகப் புகார்கள் குவிந்ததால் 2014-இல் ஃபிட்பிட் நிறுவனத்தின் ஃபோர்ஸ் பேண்டு திரும்பப் பெறப்பட்டது. பேட்டரி சூடாகிச் சிலருக்குத் தீக்காயம் ஏற்பட்டதால் 2022-இல் அதே நிறுவனத்தின் அயானிக் வாட்சும் திரும்பப் பெறப்பட்டது. எந்த நிறுவனப் பேண்டானாலும் தினமும் கழற்றி, துடைத்து, தோலுக்குக் கொஞ்சம் காற்றுவிடுங்கள்.

● ஓடுபவர்கள் இத்தகைய கருவிகளில் பதிந்த பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத்தை, உடற்பயிற்சிச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தபோது, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் வடிவம் அப்படியே துலங்கியது. வீரர்கள் தினமும் ஓடிய தடம் அது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 2015-இல் நடந்த ஒரு கொலை வழக்கில், மனைவி கொல்லப்பட்டதாகக் கணவர் சொன்ன நேரத்துக்குப் பிறகும் மனைவி நடமாடியிருந்ததை அந்தப் பெண் அணிந்திருந்த ஃபிட்பிட் காட்டிக்கொடுத்தது. 2022-இல் கணவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

உங்கள் வீட்டு வாசல், அதிகாலை நடைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் வழி எல்லாம் இதே போலப் பதிவாகின்றன. பேண்டை வாங்கியதும் செயலியில் இருப்பிடப் பகிர்வையும் பொதுப் பார்வையையும் அணைத்துவிடுங்கள். பழைய பேண்டை யாருக்காவது கொடுப்பதற்கு முன் அதைக் கணக்கிலிருந்து நீக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துக் கொடுங்கள்.