பேட்டரியை மாற்றும் முன் டைனமோவைப் பாருங்கள்

பண்ருட்டிப் பக்கம் பலா வெட்டு தொடங்கிவிட்டால் ராத்திரி பகல் கிடையாது. சாயங்காலம் பழம் இறக்கி, இருட்டினதும் லோடு ஏற்றி, விடியுமுன் கோயம்பேட்டில் நிற்க வேண்டும். வழியில் ஹெட்லைட் மங்கி வண்டி நின்றுவிட்டால் பழுத்த பலா நமக்காகப் பொறுக்குமா? லோடே வீணாகும்.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவரின் மினி லாரி போன வருடம் இப்படித்தான் படுத்தியது. பத்து மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். மூன்றாவதுக்குப் பணம் புரட்டும்போது என்னிடம் வந்து, "மேனேஜர் சார், பேட்டரியெல்லாம் இப்ப தரமே இல்ல" என்றார். "தம்பி, பேட்டரிய விடுங்க. அதுக்கு வரவு வருதான்னு முதல்ல பாப்போம்" என்றேன்.

வங்கியில் காலம் தள்ளியவனுக்கு எல்லாமே கணக்காகத்தான் தெரியும். பேட்டரி சேமிப்புக் கணக்கு. டைனமோ மாதச் சம்பளம். செல்ஃப் அடிக்கும்போது சேமிப்பிலிருந்து ஒரு பெரிய தொகை எடுக்கிறோம். எஞ்சின் ஓடும்போது டைனமோ அதைத் திரும்பக் கட்டுகிறது. லைட், ஹாரன், வைப்பர் செலவும் அதன் தலையில்தான். சம்பளம் நின்றுபோன வீட்டில் புதுப் பாஸ்புக் வாங்கி என்ன பயன்? இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் யூரியா மூட்டையைத் தூக்குகிற அதே பழக்கம்தான் இது.

நாம் டைனமோ என்பதன் சரியான பெயர் ஆல்டர்னேட்டர். 1831-ல் ஃபாரடே கண்டறிந்த விதிதான் அதற்கு அடிப்படை: கம்பிச் சுருளுக்குள் காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். நெய்வேலியில் 1962-ல் ஓடத் தொடங்கிய 50 மெகாவாட் ஜெனரேட்டரும் இதே சாதிதான். அங்கே நிலக்கரி எரித்த நீராவி சுழற்றியது. இங்கே ஃபேன் பெல்ட். நடுவில் சுழலும் ரோட்டருக்கு கார்பன் பிரஷ் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போனால்தான் அது காந்தமாகும். வெளிவரும் ஏசி கரண்ட்டை டயோடுகள் டிசியாக மாற்றும். ரெகுலேட்டர் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும்.

சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி 12 வோல்ட் என்றால் கணக்கு இதுதான்.

முதலில் பேட்டரியை வெளியே முழுதாக சார்ஜ் செய்து மாட்டுங்கள். ராத்திரி முழுதும் நின்ற வண்டியில், எஞ்சின் போடாமல் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி கெட்டிருக்கலாம், அல்லது எங்கோ கரண்ட் கசிகிறது. கெட்ட டயோடு வழியாகவும் கசியும்.

அடுத்து எஞ்சினைப் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து அளங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் வரவு வருகிறது. ஹெட்லைட் போட்ட பிறகும் 13-க்குக் கீழே போகக்கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும்.

வோல்டேஜ் ஏறவில்லையா? டைனமோவின் பின்பக்கம் தடித்த வயர் மாட்டிய போல்ட்டில் அளங்கள். அங்கே 14, பேட்டரியில் 12.5 என்றால் டைனமோ மேல் குற்றமில்லை, வயரோ டெர்மினலோதான். வெள்ளையாய்ப் பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்தி, நெகடிவ்வை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்து, வேசலின் தடவி இறுக்குங்கள். எர்த் வயரையும் மறக்காதீர்கள்.

இரண்டு இடத்திலும் குறைவென்றால் பெல்ட்டைப் பாருங்கள். லைட் போட்டதும் கீச்சென்று கத்தினால் வழுக்குகிறது. பெல்ட் சரியென்றால் கோளாறு உள்ளேதான். லைட் துடித்து, ரேடியோவில் இரைச்சல் வந்தால் டயோடு. உறுமல் சத்தம் என்றால் பேரிங். சாவி திருப்பினதும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பல வண்டிகளில் ரோட்டருக்கு முதல் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது.

தம்பியின் வண்டியில் இரண்டு இடத்திலும் 12.2. பெல்ட் சரி. எலக்ட்ரீஷியன் டைனமோவைக் கழற்றினார். உள்ளே நம்ம ஊர் செம்மண் புழுதி. கார்பன் பிரஷ் தேய்ந்து ரோட்டரைத் தொடவே இல்லை. புது பிரஷ் போட்டு, பேரிங்கும் மாற்றினார். ஒரு பேட்டரி விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. மாட்டிய பிறகு 14.2.

"இத்தனை நாளும் எப்படி ஓடுச்சு?" என்று கேட்டார். பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்குப் பேட்டரி அதிகம் தேவையில்லை. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி லைட் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கி டைனமோவைச் சோதிக்கும் பழைய வித்தை வேண்டாம். எகிறும் வோல்டேஜ் டயோடையும் எலக்ட்ரானிக் பாகங்களையும் எரித்துவிடும். வேட்டி நுனி, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. புதுக் கார்களில் கம்ப்யூட்டரே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும். அளவு மாறி மாறி வந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பங்குனியிலேயே, பலா லோடு தொடங்குமுன், ஒரு தடவை அளந்து தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். மீட்டர் ஆளுக்கொன்று வேண்டாம்; ஊர் உழவர் குழுவுக்கு ஒன்று இருந்தால் எல்லார் வண்டிக்கும் போதும்.