பள்ளத்தின் ஓரத்து இரும்புத் தடுப்பு: எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் காய்கறி, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு தாப்பா பக்கமோ சிம்பாங் பூலாய் பக்கமோ இறங்குகிறீர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் நெளிநெளியான ஓர் இரும்புப் பட்டை கூடவே வருகிறது. அதை எவ்வளவு நம்பலாம்?

மோதினால் வண்டியை அது நிறுத்திவிடுமா? நிறுத்துவது அதன் முதல் வேலையல்ல, திருப்பிவிடுவதுதான். கார் சாய்வாக வந்து இடிக்கும்போது பட்டை வளையும், தூண்கள் சாயும், மோதலின் வேகம் அதில் கரையும். கார் பட்டையை உரசிக்கொண்டே சாலையின் போக்கில் ஓடி நிற்கும். நசுங்கிக் கிடக்கும் தடுப்பைப் பார்த்து மட்டமான இரும்பு என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே இருப்பவரின் உடம்புக்கு அடி குறையட்டும் என்றுதான் அதை வளையும்படி செய்திருக்கிறார்கள்.

தகடு மெல்லிசாக இருக்கிறதே? ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். கூரைத் தகரத்துக்கு நெளிவு பலம் தருவதைப் போல இதற்கும் தருகிறது. பட்டைக்கும் தூணுக்கும் நடுவே ஓர் இடைக்கட்டை (பட்டையைத் தூணிலிருந்து தள்ளி நிறுத்தும் துண்டு) இருக்கும். சக்கரம் தூணில் சிக்கி வண்டி சுழன்றுவிடாமல் காப்பது அதுதான்.

இதில் உங்களை நேராகத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. அடிபட்டால் பட்டை ஒரு மீட்டர் அளவுக்குப் பின்னால் போகக்கூடும். தேயிலைத் தோட்டத்தைப் படம் பிடிக்க வண்டியை நிறுத்திவிட்டு, பத்திரமான இடம் என்று நினைத்துப் பலர் தடுப்பை ஒட்டி அதன் பின்னால் நிற்கிறார்கள். பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைக்கிறார்கள். கார் மோதினால் பட்டை பாய்ந்து வரும் இடம் அதுவே. தயவுசெய்து அங்கே நிற்காதீர்கள்.

பேருந்தையும் தாங்குமா? சாதாரணத் தடுப்பு தாங்கும் என்று நம்ப முடியாது. ஐரோப்பியத் தர விதிப்படி சாதாரண ரகத்தை 1.5 டன் காரை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். பேருந்துக்கான ரகத்துக்கு 13 டன் பேருந்து, 70 கிலோமீட்டர் வேகம். இரண்டும் வேறு வேறு தடுப்புகள். பேருந்தின் பாரம் உயரத்தில் இருப்பதால், தாழ்வான பட்டையில் இடித்ததும் பேருந்து அதன்மேல் சாய்ந்து கவிழவும் கூடும்.

மலைச்சாலையில் பேருந்து கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது. 2010 டிசம்பர் 20 அன்று கேமரன் மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். ஆகவே பேருந்தில் ஏறியதும் இடுப்பு வார் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை வந்தால் கூச்சப்படாமல் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்களே ஓட்டுகிறீர்களா? கீழ் கியரில் இறங்குங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 90இல் மோதினால் தடுப்பு தாங்க வேண்டிய மோதல் ஆற்றல் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. மூடுபனியில் தடுப்பின் ஒளிவில்லைகள் (வண்டி விளக்கில் மின்னும் சிறு துண்டுகள்) வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டியே காட்டும். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் குறுகிய சாலையில் பல இடங்களில் தடுப்பே கிடையாது. அங்கே நிதானம் ஒன்றுதான் காவல்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இந்தத் தடுப்பு குறைவாகவே உதவுகிறது. சறுக்கி விழுந்தவர் பட்டைக்கு அடியில் போய்த் தூணில் மோதுகிறார். தூண்களை மறைக்கும் கீழ்ப்பட்டை ஒன்றைச் சேர்த்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். மலை வளைவுகளில் கீழ்ப்பட்டையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேமரன் மலைக்கே உரிய கவலை, மண். தூணின் பலம் அது ஊன்றியிருக்கும் மண்ணில்தான் இருக்கிறது. அடைமழையில் ஓரத்து மண் சரிந்துவிட்டால், பார்வைக்கு முழுசாக நிற்கும் தடுப்புகூட மோதலில் பெயர்ந்து வந்துவிடும். ஒருமுறை அடிபட்டு வளைந்த தடுப்பும் அடுத்த மோதலுக்கு முழுதாக உதவாது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? மண் கரைந்த தூண், கழன்ற போல்ட், கிழிந்த பட்டை கண்ணில் பட்டால் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பத்திரமாக நிறுத்திய பிறகு, பொதுப்பணித் துறைக்கோ மைஜாலான் செயலி வழியாகவோ படத்துடன் புகார் கொடுங்கள். உங்கள் வண்டியே இடித்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்வது சட்டம். யாருக்கும் காயமில்லையே என்று எண்ணிப் புகார் செய்யாமல் போய்விடாதீர்கள். உடைந்த தடுப்பின் இடைவெளி வழியாக அடுத்த வண்டி பள்ளத்துக்குப் போய்விடலாம்.