வைத்தியசாலையில் மருந்தை வெல்லும் கிருமிகள்

பிணி தீர்க்கும் இடமே பிணிக்கு வலிமையூட்டும் இடமாதலும் உண்டோ எனின், உண்டென்றே விடையிறுத்தல் வேண்டும். அஃது எங்ஙனமென ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளுட் சில, ஏற்ற சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒன்று இரண்டாய்ப் பிளந்து பெருகும். அங்ஙனம் பெருகுங்கால், அரிதாய் ஒன்று தற்செயலாய் மாறுபட்டு, மருந்தைத் தாங்கும் இயல்பை அடைதல் கூடும். மருந்து ஏனையவற்றை மாய்த்துவிட, எஞ்சிய அவ்வொன்றே தடையின்றித் தழைக்கும். 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மெத்திசிலின் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. அதற்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி ஆங்குத் தோன்றிய செய்தி 1961-லேயே வெளியாயிற்று.

இவ்வியல்பு தந்தை மைந்தற்கு வைத்த பொருள்போல வழிவழிச் செல்வதோடு அமைவதன்று. அயலார்க்கு ஈந்த பொருள்போலப் பிற இனக் கிருமிகளுக்கும் செல்லும். ஜப்பானில் 1950-களில் சீதபேதியுற்றோரிடம், பல மருந்துகளுக்கு ஒருங்கே அடங்காத ஷிகெல்லா கிருமிகள் காணப்பட்டன. குடலில் இயல்பாய் வாழும் ஈ.கோலை என்னும் வேற்றினக் கிருமியிடமும் அவ்வாற்றல் இருந்தது. அஃது ஓரினத்தினின்று மற்றோரினத்திற்குச் செல்லுமென 1959-இல் ஆண்டு ஆராய்ந்தோர் காட்டினர். பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையமே அதனைச் சுமந்து செல்வதெனப் பின்னர்த் தெளிவாயிற்று.

இனி, வைத்தியசாலையில் இது மிகுவதேன்? ஆங்கு மருந்துகள் பல ஓயாது வழங்கப்படுகின்றன. நலிந்தோர் அருகருகே கிடக்கின்றனர். ஒரே கை பலரைத் தொடுகின்றது. அமெரிக்காவில் பெதெஸ்தா நகரத்துத் தேசிய சுகாதார நிறுவன வைத்தியசாலைக்கு, 2011-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமியுடன் ஒரு நோயாளி வந்தார். அவர் தனியறையில் வைக்கப்பட்டார். நலமுற்று வீடும் திரும்பினார். எனினும், அக்கிருமி வேறு 17 பேரைப் பற்றியது. அத்தொற்றினால் அறுவர் உயிர்துறந்தனர். கிருமிகளின் மரபணு வரிசையை ஒப்புநோக்கியவிடத்து, அனைத்தும் அம்முதல் நோயாளியிடமிருந்தே பரவினவெனப் புலனாயிற்று. தூய்மை செய்யப்பட்ட மூச்சுக்கருவியிலும், நீர்த்தொட்டியின் வடிகாலிலுங்கூட அக்கிருமி ஒளிந்திருந்தது.

ஆதலின், புதுமருந்து காண்டல் ஒன்றே போதியதன்று. வேண்டாதவிடத்து மருந்து கொள்ளாமையும், நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுதலும் இன்றியமையாதன. நோயுற்ற நண்பரைக் காணச் செல்லும் மாணவராகிய நமக்கும் இக்கடமை உரியதன்றோ? நம் கை கழுவுதற்கு ஆகும் காலம் ஒரு நிமிடத்தினும் குறைவே. அதனாற் காக்கப்படுவதோ, அடுத்த படுக்கையில் கிடப்பார் ஒருவரது உயிராதல் கூடும்.