சிறிய திரிமரன் தெரிவு செய்தல்

கட்டுமரம் என்னும் நம் மொழிச் சொல் கடல் கடந்து சென்று அடைந்த மாற்றம் விசித்திரமானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் அச்சொல்லைத் தம் பிரயாண நூலில் எழுதிச் சென்றார். பின்னர் மேனாட்டார், மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம்மவர் மிதவையை மறந்து, இரண்டு உடல்களை இணைத்துச் செய்த தோணிக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். 1940களில், கீவ் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய விக்டர் செச்செற் என்பவர், மூன்று உடல்களையுடைய தோணிக்குப் பெயர் தேடியபோது, அச்சொல்லின் தலையை நீக்கி ‘மரன்’ என்னும் வாலை மட்டும் எடுத்து, மூன்றைக் குறிக்கும் ‘திரி’யை அதன் முன்னே ஒட்டினார். இவ்வாறு பிறந்ததே திரிமரன். மரம் என்பது ‘மரன்’ என வருதல் நம் பழைய இலக்கியத்திற் கண்ட வழக்கேயாதலின், தமிழாசிரியர் இதிற் பெரிதாகக் குறை காண்பதற்கில்லை.

நடுவே மனிதர் அமரும் நீண்ட தோணி ஒன்று; இரு மருங்கிலும் அதனிலும் சிறிய பக்கத் தோணிகள் இரண்டு; இவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கைகள்; ஒரு பாய்மரம். இதுவே திரிமரனின் அமைப்பு. பிலிப்பைன்ஸ் தீவினர் இரு பக்கமும் மிதவை கட்டிய தோணிகளை நெடுங்காலமாக ஓட்டி வருகின்றனர். நம் நாட்டுச் சிங்கள மீனவர் ‘ஒருவ’ என வழங்கும் தோணிக்கோ மிதவை ஒன்றே. அம்மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருத்தல் வேண்டுமாதலால், திசை மாறும்போது அவர்கள் தோணியைத் திருப்புவதில்லை, முன்புறத்தைப் பின்புறமாக்கிக்கொள்கின்றனர். இரு பக்கமும் மிதவை இருந்தால் இந்தத் தந்திரம் வேண்டியதில்லை.

ஓய்வு நாளிற் பிள்ளைகளையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு களிப்பாக நீரிற் சென்றுவர விரும்புவோருக்கு இத்தோணி மிகப் பொருத்தமானது. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது? வேகத்தைப் பார்த்து வாங்குவோர் பலர். யான் சொல்ல விரும்புவது வேறு. இத்தோணியின் நன்மையும் அபாயமும் அதன் அகலம் என்னும் ஒரே இடத்திலிருந்து தோன்றுகின்றன. அதனை விளங்கிக்கொண்ட பின்பே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

ஓர் உடலையுடைய பெரிய பாய்த்தோணி கவிழாது நிற்பதற்கு அதன் அடியிற் கட்டிய ஈயமோ இரும்போ காரணம். திரிமரனில் அத்தகைய பாரம் இல்லை. கால்களை அகல வைத்து நிற்பவன் எளிதில் விழாதவாறு போல, அது தன் அகலத்தாலேயே நிலைக்கின்றது. பாரம் இன்மையால் இலேசாகிறது; நிலைப்புக்கு உடலின் பருமன் தேவையில்லாமையால் ஒடுங்கி நீள்கிறது. ஒடுங்கிய உடல் அலையை எழுப்பாது நீரைக் கிழித்துச் செல்லும். வேகத்தின் இரகசியம் அவ்வளவே. சாய்வும் குறைவாதலால், கடலுக்குப் புதியவர்கள் அச்சமின்றி அமர்ந்திருக்கலாம்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஈயம் கட்டிய தோணி சாயச் சாய, நிமிர வேண்டும் என்னும் அதன் முயற்சி நெடுநேரம் வளர்ந்துகொண்டே போகும். ஐம்பது, அறுபது பாகை சாய்ந்த நிலையிலும் அது எதிர்த்து நிற்கும். திரிமரனோ தன் முழு எதிர்ப்பையும் பெரும்பாலும் இருபது பாகைக்குள்ளேயே காட்டி முடித்துவிடும். அதன்பின் அந்த எதிர்ப்புக் குறைந்து செல்லும். எல்லையைத் தாண்டினால் தலைகீழாகி, அந்த நிலையிலும் அதே உறுதியுடன் நிற்கும். மேலும், காற்றின் வேகம் இரட்டித்தாற் பாயின் மீதுள்ள விசை நான்கு மடங்காகும். ஓருடற் தோணி சாய்ந்து அவ்விசையிற் பெரும்பகுதியை நழுவ விடுகிறது. சாயாத திரிமரன் அதனை முழுதும் தாங்குகிறது. ஆகையால் உள்ளே இருப்பவருக்கு எச்சரிக்கை தாமதமாகவே கிடைக்கிறது. ‘சாயவில்லையே, ஆபத்தில்லை’ என்று எண்ணுவதுதான் புதியவர் செய்யும் முதற் பிழை.

1989ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூசிலாந்திலிருந்து தொங்காவை நோக்கிப் புறப்பட்ட ரோஸ் நோயல் என்னும் பெரிய திரிமரன் நடுக்கடலிற் கவிழ்ந்தது. அதனை நிமிர்த்துதல் நால்வரால் ஆகக்கூடிய காரியம் அன்று. ஆயினும் அடிப்பாரம் இல்லாத அத்தோணி மூழ்கவும் இல்லை. கவிழ்ந்த உடலின் உள்ளும் மேலுமாக அந்நால்வரும் 119 நாட்கள் மிதந்து, பெரிய பரியர்த் தீவின் கரையிற் சேர்ந்து உயிர் தப்பினர். இவ்வளவு காலம் பிழைத்திருந்தார்கள் என்பதைப் பலர் முதலில் நம்பவே மறுத்தனர். ஒட்டுப்பலகையாற் செய்த நிம்பிள் என்னும் திரிமரனில் 1960இல் அத்திலாந்திக்கைக் கடந்து, இத்தோணிகளை உலகறியச் செய்த ஆதர் பைவர், 1968இற் கடலிற் சென்று திரும்பி வரவில்லை. இவற்றைச் சொல்வது அச்சமூட்டுவதற்கன்று. ‘கவிழ்ந்தால் என்னால் நிமிர்த்த முடியுமா?’ என்னும் வினாவே சிறிய தோணி வாங்குவோரின் முதல் வினாவாக இருத்தல் வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

சிறு திரிமரன்களில் இவ்வினாவுக்கு நல்ல விடை உண்டு. நூறு, நூற்றிருபது கிலோகிராம் நிறையுள்ள தோணியாயின், ஒருவர் தம் உடற்பாரத்தால் ஒரு பக்கத் தோணியை நீரில் அமிழ்த்தி, மறுபக்கத்திலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துப் பின்னே சாய்ந்து நிமிர்த்த முடியும். நிறை இருநூறைத் தாண்டினால் இது கடினமாகும். ஆகவே, விலை கொடுப்பதற்கு முன், அமைதியான நீரில், விற்பவரைக் கொண்டே தோணியைக் கவிழ்த்துக் காட்டச் செய்க. பின்னர் நிமிர்த்துவது நீங்களாக இருத்தல் வேண்டும். இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதிற் பயனில்லை.

அடுத்தது பக்கத் தோணியின் பருமன். இதனை எவரும் கணக்கிட்டு அறியலாம். ஒரு லீற்றர் நீரை விலக்கும் பொருள் ஏறக்குறைய ஒரு கிலோகிராமைத் தாங்கும். தோணி 110 கிலோகிராம், இருவர் 150 கிலோகிராம் எனின், மொத்தம் 260. பக்கத் தோணி ஒன்றின் கொள்ளளவு 260 லீற்றருக்கு மேற்பட்டிருந்தால், முழுப் பாரத்தையும் அது ஒன்றே தாங்கும். பந்தயக்காரர் விரும்புவது இதுவே. குறைவாயின், பலத்த காற்றில் அது நீருள் அமிழத் தொடங்கும். சிலர் இதைக் குறையென்பர். எனக்கோ, உல்லாசமாகச் செல்வோருக்கு இது வாய்விட்டுச் சொல்லும் எச்சரிக்கையாகவே தோன்றுகிறது: காற்று ஒதுங்கும் பக்கத்தின் அணியம் நீருக்குள் இறங்கக் கண்டால், உடனே பாயைத் தளர்த்திப் பின்புறமாக நகர வேண்டும். மிகச் சிறிய மிதவைகளை மட்டும் தவிர்த்துவிடுக. அவை தோணியை நிறுத்தி வைத்திருக்கும்போது அழகாக இருக்கும், அவ்வளவே.

கரையைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். தோணி எங்கே வைக்கப்படும்? எவர் அதனை மணலில் இழுப்பார்? நியூசிலாந்தில் வடிவமைக்கப்பட்ட வீற்றா என்னும் திரிமரன் 4.4 மீற்றர் நீளமும் 3.5 மீற்றர் அகலமும் உடையது. 3.5 மீற்றர் அகலம் எந்தத் தெருவிலும் செல்லாது; பக்கத் தோணிகளைக் கழற்றியே கொண்டு போதல் வேண்டும். காபன் நார் கலந்து செய்தமையால் அது இலேசு, வேகம் மிக்கது. ஆனால் கல்லிலே மோதினாற் பொறுக்காது. விலையும் அதிகம். அமெரிக்காவின் ஹோபி நிறுவனத்தார் செய்த ராண்டம் ஐலண்ட் என்பது இதற்கு நேர் மாறானது. 5.6 மீற்றர் நீளமுள்ள அது பொலியெதிலீனை அச்சில் உருக்கிச் செய்யப்பட்டது. பக்கத் தோணிகள் மடங்கி நடுத்தோணியோடு ஒட்டிக்கொள்ளும். பாயைப் பாய்மரத்தைச் சுற்றியே சுருட்டி வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம். அடியிலே கால்களால் மிதித்து இயக்கும் செட்டைகள் உண்டு. இந்த மிதியை வேகப்பிரியர் ஏளனம் செய்வர். அவர்கள் மாலை ஐந்து மணிக்குக் காற்று ஒழிந்து, அழும் பிள்ளையுடன் வாவியின் நடுவே அகப்பட்டவர்கள் அல்லர் போலும்.

மிதி இன்னொரு வகையிலும் உதவும். திரிமரன் இலேசானது, காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது வேகத்தை இழந்து, பாதியில் நின்றுவிடும் இயல்புடையது. பழகியவர் முன்பாயைச் சற்று நேரம் எதிர்ப்பக்கத்திலேயே பிடித்து அணியத்தைத் தள்ளுவர். பழகாதவருக்கு ஒரு துடுப்பாவது கையில் இருத்தல் நன்று.

பைவரின் வழிவந்த யிம் பிறவுண் வடிவமைத்த விண்ட்ரைடர் 16 என்பதும் பொலியெதிலீன் தோணியே. அதனை ஓட்டுபவர் முன்நோக்கி அமர்ந்து கால்களாற் சுக்கானைத் திருப்புவார். இடம் விட்டு இடம் தாவ வேண்டியதில்லை. முழங்கால் நோவுடைய என் போன்ற வயதினருக்கு இது சிறிய வசதியன்று. தச்சுவேலை அறிந்தவர்கள் ஒட்டுப்பலகையும் எபொக்சிப் பசையும் கொண்டு வரைபடத்தைப் பார்த்துத் தாமே செய்வதும் உண்டு. ஆனால் ஒரு கோடையில் முடிப்போம் என்று தொடங்குவோர் இரண்டு மூன்று கோடைகளை எதிர்பார்ப்பது நலம்.

யாழ்ப்பாணக் கடனீரேரி, மட்டக்களப்பு வாவி போன்ற ஆழங் குறைந்த நீர்களுக்கு, மேலே தூக்கக்கூடிய நடுப்பலகையும் சுக்கானும் இன்றியமையாதன. சோழகம் வீசும் மாதங்களிற் பாயைப் பாதியாகச் சுருக்கும் வசதி இல்லாத தோணியை எடுத்துச் செல்லலாகாது. மிதப்பு அங்கியை ஒவ்வொருவரும் கரையிலேயே அணிந்துகொள்ள வேண்டும்; நீரில் விழுந்த பின் அதனை அணிதல் எளிதன்று.

பழைய தோணியை வாங்குவோர் உடலின் வர்ணத்தைப் பார்த்து மயங்காது, குறுக்குக் கைகள் உடலோடு சேரும் பொருத்துக்களையும் பாய்மரத்தின் அடியையும் பார்த்தல் வேண்டும். இழுவிசை முழுதும் சேர்வது அங்கேதான். பொலியெதிலீனாயின் வெயிலில் வெளிறி உலர்ந்து மயிர்க்கோடு விட்டிருக்கிறதா என்று விரலாற் தடவிப் பார்க்கலாம். பின்னர் தோணியை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, கரைக்கு வந்ததும் மூன்று உடல்களின் அடைப்பான்களையும் கழற்றி, எதிலிருந்து எவ்வளவு நீர் வடிகிறது என்று பார்த்தபின் விலையைப் பேசுக.