செவுள் சொல்லாத சேதி

மீன் வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, அழுத்தினால் சதை மீள்கிறதா? நாள்பட்ட மீனைக் கண்டுபிடிக்க இது போதும். மருந்துக்கு மசியாத பாக்டீரியா ஒட்டிய மீனும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு லாரியில் வந்திறங்கும் கட்லாவும் ரோகுவும் குளத்தில் வளர்ந்தவை. நெருக்கமாக மீன் விட்ட குளத்தில் நோய் கண்டால் சிலர் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைக் கலந்துவிடுகிறார்கள். தின்னாமல் விட்டதும், தின்று கழித்ததும் சேற்றில் தங்கும். வலுவில்லாத கிருமி சாகும், தாக்குப்பிடித்தது பெருகும். அதோடு நிற்காது. தாக்குப்பிடிக்கும் திறனுக்கான மரபணுவை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். கடல் மீன் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. சாக்கடை கலக்கும் கழிமுகமும் அழுக்குத் தண்ணீரில் உறைந்த ஐஸும் போதும்.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொதிக்கும் குழம்பில் கிருமி செத்துவிடும். சதையில் தங்கிய மருந்தின் எச்சம் முழுதாகப் போய்விடாது. ஆகவே கிருமியின் ஆபத்து அடுப்புக்கு முன்னால்தான். மீன் நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குகிறோமே, அங்கே. அந்தக் கிருமி உடனே வயிற்றைக் கலக்காமலும் இருக்கலாம். குடலில் குடியேறிவிட்டு, பின்னொரு நாள் சிறுநீர்த் தொற்றாக வரும்போது வழக்கமான மாத்திரை கேட்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டுக்கும் மீனிலும் இறாலிலும் தடை. கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019இல் தடை வந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம், தனக்கு வரும் நம் பண்ணை இறாலில் மருந்து எச்சத்துக்காகச் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50ஆக உயர்த்தியது. ஆனால் நம் சட்டிக்கு வரும் மீனுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. கப்பலேறும் இறாலுக்குக் கிடைக்கும் மரியாதை உள்ளூர் வயிற்றுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் புகார்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி நீங்களே அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதியை மீறியிருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மீன் கெட்டுப்போகும் சரக்கு என்பதால், எப்படிக் கொண்டுவருவது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடைக்காரம்மாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; அவருக்கும் தெரிந்தது செவுள்தான். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம். மீன் எந்தச் சந்தையில், யாரிடம் எடுத்தது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அதைப் பிடித்துத்தான் அதிகாரி குளம்வரை போக முடியும்.